வளர்ப்புத் தட்டில் தமனித் தசைச் செல்: கால்சியக் கால்வாய்களின் மாற்றமும் அதனால் எழும் ஆய்வுச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

இரத்த நாளச் சுவரிலுள்ள மென்தசைச் செல்களைப் பிரித்தெடுத்து வளர்ப்புத் தட்டில் இடும்போது, அவை சில நாள்களிலேயே சுருங்கும் இயல்பைக் கைவிட்டுப் பெருகும் இயல்பை மேற்கொள்கின்றன. இம்மாற்றத்தின்போது செல்லுக்குள் கால்சியம் நுழையும் வழிகளும் மாறுகின்றன. மின்னழுத்தத்தால் திறக்கும் எல்-வகைக் கால்வாய்கள் குறைகின்றன. சேமிப்பின் குறைவால் திறக்கும் கால்வாய்கள் மிகுகின்றன. இதனால் ஒரே மருந்துப் பொருள் புதிய தமனியில் ஒரு விளைவையும், வளர்ப்புச் செல்லில் அதற்கு நேர்மாறான விளைவையும் தரக்கூடும். இம்மாற்றத்தின் இயங்குமுறையை விளக்கி, வளர்ப்புச் செல்களில் பெறப்பட்ட முடிவுகளை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மென்தசை, கால்சியக் கால்வாய், செல் வளர்ப்பு, புறத்தோற்ற மாற்றம், சேமிப்புசார் கால்சிய நுழைவு.

முன்னுரை

ஓர் ஆய்வு மாணவர், உயர் இரத்த அழுத்தத்திற்கு நாட்டு வழக்கில் பயன்படும் மூலிகை ஒன்றின் சாற்றை ஆராய்கிறார் எனக் கொள்வோம். எலியின் பெருந்தமனியிலிருந்து எடுத்து எட்டாம் தலைமுறை வரை வளர்த்த மென்தசைச் செல்களே அவரிடம் உள்ளன. சாற்றைச் சேர்த்தபோது செல்லின் உட்கால்சியம் உயர்கிறது. மென்தசையில் கால்சியம் உயர்ந்தால் தமனி சுருங்கும். தமனி சுருங்கினால் அழுத்தம் ஏறும். ஆகவே இம்மூலிகை அழுத்தத்தைக் குறைக்காது, மாறாகக் கூட்டும் என அவர் முடிவுக்கு வருகிறார். அளவீட்டில் பிழை இல்லை. கருவியிலும் பிழை இல்லை. எனினும் முடிவு தவறாக இருக்கலாம். அது ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழில் எழுதும்போது முதலில் சொல்லைப் பற்றிய தெளிவு வேண்டும். பள்ளிப் பாடநூல்கள் ‘அயனிக் கால்வாய்’ என்கின்றன. இங்கும் அச்சொல்லே ஆளப்படுகிறது. ஆயினும் கால்வாய் என்பது நீர் ஓடும் வழியை மட்டுமே குறிக்கும். சவ்விலுள்ள இப்புரதங்கள் வழியாக மட்டும் அமைவன அல்ல. திறந்து மூடும் அடைப்பும் அவற்றுக்குள் உண்டு. சிவகங்கைச் சீமையின் கண்மாய்ப் பாசனத்தை அறிந்தவர்க்கு ‘மடை’ என்ற சொல்லே இதற்கு மிக நெருங்கியதாகத் தோன்றும். யார் மடையைத் திறக்கிறார், எப்போது திறக்கிறார் என்பதில்தான் இக்கட்டுரையின் செய்தி முழுவதும் அடங்கியுள்ளது.

சமன்பாடும் சவ்வும்

காரைக்குடிக்கு இச்செய்தியின் அடிப்படை புதிதன்று. அழகப்பச் செட்டியார் அளித்த நிலமும் நிதியும் கொண்டு உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திற்கு 1948 சூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரியில் அந்நிறுவனம் திறக்கப்பட்டது. அரிமானம், மின்கலம், மின்முலாம் என அங்கு ஆராயப்படுபவை அனைத்திற்கும் அடியில் நிற்பது நெர்ன்ஸ்ட் சமன்பாடு. ஓர் அயனி இருபுறமும் வேறுபட்ட செறிவில் இருந்தால், அவ்வேறுபாட்டைச் சமன்செய்ய எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்பதை அது கூறும். உலோக மின்வாய்க்கும் உயிருள்ள சவ்வுக்கும் இவ்விதி ஒன்றே.

செல்லுக்கு வெளியே கட்டற்ற கால்சிய அயனியின் செறிவு ஏறத்தாழ 1.2 மில்லிமோலார். ஓய்வுநிலையில் செல்லுக்குள் இருப்பது ஏறத்தாழ 100 நானோமோலார். வேறுபாடு 12,000 மடங்கு. உடல்வெப்பநிலையில் சமன்பாட்டில் இவற்றை இட்டால் கால்சியத்தின் சமநிலை மின்னழுத்தம் நேர் 125 மில்லிவோல்ட் அளவில் வரும். தமனித் தசைச் செல்லின் உட்புறமோ எதிர் 50 மில்லிவோல்ட்டை ஒட்டியது. ஆக, கால்சியத்தை உள்நோக்கித் தள்ளும் விசை 175 மில்லிவோல்ட். மடை சற்றே திறந்தாலும் போதும். ஓர் எல்-வகைக் கால்வாய் திறந்திருக்கும்போது நொடிக்குப் பல இலட்சம் அயனிகள் என்ற வீதத்தில் கால்சியம் உட்புகும்.

இந்த எண்களில் ஒன்றை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். செல்லின் உட்புறம் மேலும் எதிர்மின் தன்மை அடைந்து எதிர் 70 மில்லிவோல்ட்டுக்குச் சென்றால் தள்ளுவிசை 195 ஆகக் கூடும். எதிர் 20க்கு வந்தால் 145 ஆகக் குறையும். அதாவது, கால்வாய் திறந்தே இருக்குமாயின், மின்முனைப்பு மிகும்தோறும் கால்சிய நுழைவும் மிகும். பின்னர் வரும் முரண்பாட்டின் வேர் இதுவே.

செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் முட்டை வெண்கருவோடு அரைத்துப் பூசிய சுண்ணச்சாந்தும் கால்சியமே. கட்டடத்திற்கு வலிமை தரும் அப்பொருள் செல்லுக்குள் மட்டும் இத்துணைக் குறைவாக வைக்கப்பட்டிருப்பது தற்செயல் அன்று. மிகக் குறைவாக இருப்பதனால்தான் சிறிதளவு நுழைவும் செய்தியாகிறது. சிட்னி ரிங்கர் 1880களின் தொடக்கத்தில் இதைக் கண்டது ஒரு பிழையின் வழியாக: தவளை இதயத்தைத் துடிக்க வைத்த அவருடைய உப்புக் கரைசல் இலண்டன் குழாய்நீரில் கரைக்கப்பட்டிருந்தது, காய்ச்சி வடித்த நீரில் கரைத்தபோது துடிப்பு நின்றது. குழாய்நீரிலிருந்த கால்சியமே காரணம் என 1883இல் அவர் வெளியிட்டார். நம் ஊருணிகளில் தேங்கும் மழைநீரைப் போன்ற மென்னீர் அவருக்குக் கிடைத்திருந்தால், முதல் நாளிலேயே இதயம் நின்றிருக்கும். காரணம் தேடத் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

சுருங்கும் செல்லின் மடை

நலமான தமனியில் மென்தசைச் செல் பிரிவதில்லை; சுருங்குவதே அதன் தொழில். செல்லின் மின்முனைப்பு குறையும்போது எல்-வகைக் கால்வாய் திறக்கிறது. உட்புகுந்த கால்சியம் கால்மோடுலினுடன் இணைந்து மயோசின் இலகுச்சங்கிலிக் கைனேசு என்னும் நொதியைத் தூண்ட, மயோசினும் ஆக்டினும் பிணைந்து இழுக்கின்றன. நிஃபெடிபின், அம்லோடிபின் ஆகியவை இக்கால்வாயையே அடைக்கின்றன. இவ்வகை மருந்துகளின் அடிப்படைக் கருத்தை 1960களில் செருமனியின் ஃபிரைபுர்க்கில் ஆல்பிரெக்ட் ஃபிளெக்கன்ஸ்டைன் வகுத்தார். இன்று நம் ஊர் மருந்துக்கடைகளில் அன்றாடம் விற்கும் அழுத்த மாத்திரைகளுள் அம்லோடிபின் முன்னணியில் நிற்கிறது.

இச்செல்லில் பொட்டாசியக் கால்வாய்களுக்கு எதிர்ப்பணி. அவை திறந்தால் பொட்டாசியம் வெளியேறி உட்புறத்தின் எதிர்மின் தன்மை கூடும், எல்-வகைக் கால்வாய் மூடும், தமனி தளரும். தள்ளுவிசை கூடுகிறதே என்றால், கூடினாலும் மடை அடைபட்டுவிட்டதால் நீர் பாய்வதில்லை.

தட்டு என்னும் காயம்

சியாட்டிலில் ரசல் ராஸ் 1971இல் தமனியின் மென்தசைச் செல்களை வளர்ப்பில் பெருக்கிக் காட்டினார். 1974இல் அவரும் உடனாய்வாளரும் ஒரு கேள்வியை எழுப்பினர்: இச்செல்கள் சீரத்தில் பெருகுகின்றன, தட்டணுக்கள் நீக்கப்பட்ட பிளாஸ்மாவிலிருந்து எடுத்த சீரத்தில் அவ்வாறு பெருகுவதில்லை, ஏன்? இரத்தம் உறையும்போது தட்டணுக்கள் வெளிவிடும் காரணி ஒன்றே பெருக்கத்தைத் தூண்டுகிறது என்பது விடையாயிற்று. தட்டணுவழி வளர்ச்சிக் காரணி என இன்று அறியப்படுவது அதுவே.

செல் வளர்ப்புப் பாடத்தில் இவ்விடத்தை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். சீரம் என்பது உறைந்த இரத்தத்தின் நீர். உடலுக்குள் ஒரு தமனித் தசைச் செல் அதைச் சந்திப்பது காயம் பட்டபோது மட்டுமே. நாம் செய்வதோ, கொலாஜனேசு கொண்டு செல்லை அதன் தளைகளிலிருந்து அறுத்து, நெகிழ்வற்ற பிளாஸ்டிக்கின் மேல் இட்டு, பத்து விழுக்காடு கன்றுக்கருச் சீரத்தை ஊற்றுவது. செல் தன்னைக் காயத்தின் நடுவே இருப்பதாக உணர்கிறது. காயத்தில் செய்ய வேண்டியதையே செய்கிறது. சுருக்கப் புரதங்களைக் குறைத்து, தொகுப்பு உறுப்புகளைப் பெருக்கி, நகர்ந்து, பிரிகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான ஜூலி சாம்லி-கேம்பெல், கார்டன் கேம்பெல் ஆகியோர் ராஸுடன் 1979இல் எழுதிய மதிப்புரை இவ்விரு நிலைகளையும் தெளிவாக வேறுபடுத்திக் காட்டியது. இதயத் தசைச் செல்லைப் போல முதிர்ந்தபின் ஒரே நிலையில் நில்லாது, இருபுறமும் செல்லவல்ல நெகிழ்வு மென்தசைச் செல்லின் தனியியல்பு.

இந்த நெகிழ்வு கால்சியக் கால்வாய்களிலும் வெளிப்படுகிறது. எல்-வகை மின்னோட்டம் தலைமுறை தோறும் நலிகிறது. எலியின் பெருந்தமனிச் செல்களில் 1990களில் நடந்த அளவீடுகள், பிரிவுச் சுழற்சியில் நுழைந்த செல்களில் டி-வகை மின்னோட்டம் தோன்றுவதைக் காட்டின. உட்சேமிப்பிலிருந்து கால்சியத்தை விரைந்து விடுவிக்கும் ரையனோடின் ஏற்பிகள் மறைகின்றன. சேமிப்பை நிரப்பும் எக்கிகளில் செர்க்கா 2ஏ வகை இழக்கப்பட்டு, 2பி வகை எஞ்சுகிறது. பொட்டாசியக் கால்வாய்களிலும் ஆள்மாற்றம் உண்டு: பெருங்கடத்துதிறன் வகை குறைய, இடைநிலைக் கடத்துதிறன் வகை மேலோங்குகிறது. இவற்றுள் மிகுதியாக விளக்கப்பட வேண்டியது சேமிப்புசார் நுழைவே.

கண்மாயும் வரத்துக்காலும்

செல்லுக்குள் எண்டோபிளாச வலைப்பின்னல் கால்சியத்தைத் தேக்கி வைத்திருக்கிறது. அது குறைந்தால் வெளியிலிருந்து புதிய கால்சியம் நுழைந்து நிரப்பும் என்ற கருதுகோளை ஜேம்ஸ் புட்னி 1986இல் முன்வைத்தார். கண்மாயில் நீர்மட்டம் இறங்கினால் வரத்துக்கால் திறக்க வேண்டும் என்பது நமக்கு எளிதில் விளங்கும். ஆனால் மட்டம் இறங்கியதை யார் கண்டு, யாரிடம் சொல்கிறார்? இருபது ஆண்டுகள் இவ்வினா விடையின்றி இருந்தது. 2005இல் ஸ்டிம்1 என்னும் புரதமே மட்டம் காண்பது என அறியப்பட்டது. அதன் ஒரு முனை வலைப்பின்னலின் உள்ளே நின்று கால்சியத்தைப் பற்றியிருக்கும். சேமிப்புக் குறைந்து அப்பிடி விடுபட்டதும், ஸ்டிம்1 மூலக்கூறுகள் ஒன்றுதிரண்டு பிளாஸ்மா சவ்வை ஒட்டிய இடங்களுக்குச் சென்று கால்வாயைத் திறக்கும். அக்கால்வாய் ஓராய்1 என்பது 2006இல் தெரிந்தது. கிரேக்கப் புராணத்தில் விண்ணுலக வாயிலைக் காப்போர் பெயரே அதற்கு இடப்பட்டது. நம் ஊர்களில் நீர்பாய்ச்சி செய்யும் வேலையை ஸ்டிம்1 செய்கிறது என்றால் மிகையாகாது. ஆனால் இந்த நீர்பாய்ச்சி ஊர்க்கூட்டத்தின் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை.

ஓராய்1 வழியே செல்லும் மின்னோட்டம் மிகச் சிறியது. தனிக் கால்வாயின் மின்னோட்டம், நேயரும் சக்மனும் 1976இல் அறிமுகப்படுத்திய ஒட்டுப்பிடி முறையிலும் நேரடியாகப் பிரித்துக் காண இயலாத அளவினது. ஆகவே ஆய்வகங்களில் வேறு வழியே வழக்கம். கால்சியம் இல்லாத கரைசலில் செல்லை வைத்து, தாப்சிகார்கின் என்ற தாவரப் பொருளால் எக்கியை முடக்கிச் சேமிப்பை வெறுமையாக்கி, பின் வெளிக் கரைசலில் கால்சியத்தைச் சேர்த்து, ஃபியூரா-2 சாயத்தின் ஒளிர்வு ஏறுவதை அளப்பர். ரோஜர் சியனின் ஆய்வுக்குழு 1985இல் வெளியிட்ட இச்சாயம், 340, 380 நானோமீட்டர் அலைநீளங்களில் கிளர்த்தப்படும்போது தரும் ஒளிர்வுகளின் விகிதத்தால் கால்சியத்தைக் காட்டுகிறது.

புதிதாகப் பிரித்த தமனிச் செல்லில் இந்த ஏற்றம் சிறிது. பெருகும் வளர்ப்புச் செல்லில் பெரிது. ஸ்டிம்1, ஓராய்1 ஆகியவற்றின் அளவும், டிஆர்பிசி குடும்பக் கால்வாய்கள் சிலவற்றின் அளவும் வளர்ப்பில் கூடுகின்றன. ஸ்டிம்1, ஓராய்1 ஆகியவற்றின் மரபணு வெளிப்பாட்டைத் தணித்தால் செல் பெருக்கமும் நகர்வும் குறைகின்றன. பெருக்கத்தின் உடன்விளைவாக மட்டும் அல்லாமல், அதன் காரணங்களுள் ஒன்றாகவும் இக்கால்வாய்கள் நிற்கின்றன என்பதற்கு இது சான்று.

இங்கு ஓர் ஐயம் எழலாம்: எவ்வழியே நுழைந்தாலும் கால்சியம் கால்சியம்தானே? அவ்வாறு அன்று. எல்-வகைக் கால்வாய் வழி நுழையும் கால்சியம், ரோ கைனேசு, மயோகார்டின் வழியாகச் சுருக்கப் புரதங்களின் மரபணுக்களையே தூண்டுகிறது என 2004இல் வெர்ஜீனியாவில் கேரி ஓவன்சின் குழுவினர் காட்டினர். சேமிப்புசார் வழியாக நுழையும் கால்சியமோ கால்சினியூரின், என்ஃபேட் பாதையைத் தூண்டிப் பெருக்கத்திற்கு உதவுகிறது. ஒரே அயனி நுழைவாயிலைப் பொறுத்து இருவேறு செய்திகளைச் சுமக்கிறது. முன்னைய வாயில் அடைபடும்போது செல் தன் பழைய தொழிலை நினைவூட்டும் குரலையும் இழக்கிறது எனலாம்.

தலைகீழாகும் விடை

இனி, முன்னுரையில் கண்ட மாணவரிடம் திரும்புவோம். அவருடைய மூலிகைச் சாற்றில் பொட்டாசியக் கால்வாயைத் திறக்கும் பொருள் ஒன்று இருந்தது எனக் கொள்வோம். புதிய தமனியில் அது செல்லின் மின்முனைப்பைக் கூட்டும், எல்-வகைக் கால்வாய் மூடும், கால்சியம் குறையும், தமனி தளரும். எட்டாம் தலைமுறைச் செல்லில் எல்-வகைக் கால்வாய் பெரும்பாலும் இல்லை. அங்குத் திறந்திருக்கும் ஓராய்1 மின்னழுத்தத்தால் மூடுவதில்லை. எதிர்மின் தன்மை கூடக்கூட அதன் வழி உள்நோக்கிய மின்னோட்டம் கூடவே செய்யும். தள்ளுவிசை 175லிருந்து 195 ஆகிறது, கால்சியம் உயர்கிறது. ஒரே பொருள், ஒரே மின்விளைவு, நேர்மாறான விடை. வளர்ப்புச் செல்லில் விளைவின் அளவு மட்டும் குறைந்திருந்தால் ஒரு திருத்தக் காரணி கொண்டு சரிசெய்யலாம். விளைவின் திசையே மாறும்போது எந்தக் காரணியும் உதவாது.

இதன் மறுபக்கமும் உண்டு. பெருகும் செல்லில் மேலோங்கும் இடைநிலைப் பொட்டாசியக் கால்வாய் இத்தள்ளுவிசையை நிலைநிறுத்துகிறது. அதை அடைக்கும் பொருளொன்று எலிகளில் பலூனால் காயப்படுத்திய தமனியின் உட்சுவர் தடிப்பைக் குறைத்தது. ஆகவே வளர்ப்புச் செல் பயனற்ற மாதிரி என்று தள்ளுவது பெரும்பிழை. அடைப்பு நீக்கிய இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்தபின் மீண்டும் ஏற்படும் குறுக்கத்திற்கு வளர்ப்புச் செல் மிக நல்ல மாதிரி. ஏனெனில் அங்கும் செல் காயத்தில்தான் உள்ளது. ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரி தந்த ரப்பமைசின், ஸ்டென்ட்டின் மேற்பூச்சாகப் பயன்பட்டு இக்குறுக்கத்தை வெகுவாகக் குறைத்தது. வளர்ப்புச் செல்களிலும் அது பெருக்கத்தைத் தடுப்பதோடு சுருக்கப் புரதங்களை மீட்பதும் காணப்பட்டது. நோயுற்ற சுவரைப் பற்றிய வினாவுக்கு வளர்ப்புச் செல் நேரான விடை தரும். நலமான சுவரின் இறுக்கத்தைப் பற்றிய வினாவுக்கு அது வேறொரு வினாவின் விடையைத் தரும்.

முரண்படும் சான்றுகள்

மேற்கூறிய சித்திரம் எல்லா இடத்தும் ஒன்றுபோல் பொருந்தாது. எலிக்கருவின் பெருந்தமனியிலிருந்து 1976இல் உருவாக்கப்பட்ட ஏ7ஆர்5 செல்வழி, எண்ணற்ற தலைமுறைகளுக்குப் பின்னும் எல்-வகை மின்னோட்டத்தைத் தக்கவைத்துள்ளது. பல ஆய்வகங்கள் அதனை விரும்புவதற்கு அதுவே காரணம். ஆனால் ஒரு செல்வழியின் தனிப் பண்பை மென்தசையின் பொதுப் பண்பாகக் கொள்வது முறையன்று. டிஆர்பிசி வகைகளுள் எவை கூடும், எவை மாறாது என்பது விலங்கு, நாளம், வளர்ப்பு நாள் ஆகியவற்றைப் பொறுத்து வேறுபடுகிறது. லாமினின் பூசிய தளத்தில் மாற்றம் தாமதிக்கிறது. ஃபைப்ரோனெக்டின் தளத்தில் விரைகிறது. சீரத்தை நீக்கி, செல்களை நெருங்கி நிறையவிட்டால் சுருக்கப் புரதங்கள் ஓரளவு மீள்கின்றன. ஓரளவு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு நாள் சீரமின்றி வைத்தோம், ஆகவே செல் சுருங்கும் நிலைக்குத் திரும்பிவிட்டது என்று எழுதும் கட்டுரைகளை ஏற்பதற்கில்லை.

ஆல்ஃபா ஆக்டின் நிறமேற்றம் மட்டும் காட்டி ‘இவை மென்தசைச் செல்கள்’ என நிறுவுவதும் போதாது. காயம் ஆற்றும் தசைநார்முன் செல்களிலும் அது உண்டு. மென்தசை மயோசின் கனச்சங்கிலியே ஏற்கத்தக்க அடையாளம்.

ஆய்வுக்கூடத்தில் செய்யத்தக்கவை

எந்த விலங்கு, எந்தத் தமனி, எத்தனையாம் தலைமுறை, எத்தனை விழுக்காடு சீரம், அளவீட்டின்போது செல்கள் எவ்வளவு நெருக்கத்தில் இருந்தன என்பவை செய்முறைப் பகுதியில் இல்லாத கட்டுரையை மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்புவதே நேர்மை. இவற்றோடு ஓர் எளிய சோதனையைக் கட்டாயமாக்கலாம். வெளிக் கரைசலின் பொட்டாசியத்தை 60 மில்லிமோலாருக்கு உயர்த்தினால் செல்லின் மின்முனைப்பு குலையும். எல்-வகைக் கால்வாய் உள்ள செல்லில் கால்சியம் உடனே ஏறும். நிஃபெடிபின் அதைத் தடுக்கும். ஏற்றமே இல்லையெனில், தமனி இறுக்கத்தைப் பற்றி அச்செல்லிடம் எதையும் கேட்க இயலாது. இதற்குச் சிறிதளவு பொட்டாசியம் குளோரைடு போதும். சமச்செறிவு குலையாதிருக்கச் சோடியத்தை அதே அளவு குறைக்க வேண்டும் என்பதை மட்டும் மறத்தலாகாது.

ஒட்டுப்பிடிக் கருவியோ ஒளிர்வு நுண்ணோக்கியோ இல்லாத கல்லூரிகளுக்கும் வழி உண்டு. இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் ஆட்டு இதயத்தின் தமனியைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் விரைந்து கொண்டுவந்து, மூன்று மில்லிமீட்டர் அகல வளையங்களாக நறுக்கி, 37 பாகையில் ஆக்சிஜன் ஊட்டிய குளியலில் தொங்கவிட்டு இழுவிசையைப் பதியலாம். அவ்வளையத்திலுள்ள செல்கள் தம் சுவரை விட்டுப் பிரியாதவை, காயம் படாதவை, எல்-வகைக் கால்வாயை இழக்காதவை. மூலிகைச் சாற்றை முதலில் அங்கு இட்டுப் பார்த்து, வளையம் தளர்கிறதா இறுகுகிறதா என்பதைக் குறித்துக்கொண்ட பின்னரே வளர்ப்புத் தட்டுக்குச் செல்ல வேண்டும். இரண்டிலும் விடை மாறுபடின், அவ்வேறுபாட்டையே ஆய்வுப்பொருளாகக் கொள்ளலாம்.